கொத்துச் சாவி யாரிடம்?

மாமியாரின் இடுப்பிலிருந்து மருமகளின் இடுப்புக்குக் கொத்துச் சாவி வந்து சேர எத்தனை வருஷம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? என் விஷயத்தில் 11 வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் உக்கிராண அறையின் சாவி மட்டும் வந்தது. சில வருஷம் கழித்து வெள்ளிப் பாத்திர அலமாரியின் சாவி. கடைசியில்தான், ஒரு தை வெள்ளிக்கிழமையன்று, இரும்புப் பெட்டியின் சாவியோடு முழுக் கொத்தும் கைக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையைக் கேட்காதீர்கள்! கலகலவென்று சப்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு தரம் நடந்தேன்.

இத்தனை காலம் கழித்து அந்தக் கொத்து ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம், போன வாரம் லீவில் வந்திருந்த என் அண்ணன் பேத்தி. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். வந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி கண்ணே, வரன் பார்க்கிறேன் என்று உன் அம்மா ஏதாவது ஆரம்பித்தாளா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை, அத்தைப் பாட்டி. எட்டு மாசமாக உழைக்கிறேன். இன்னும் எனக்குச் சாவி கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்!"

"ஆபீஸிலா?"

"ஆபீஸ் இல்லை. இது சனி, ஞாயிறுகளில் நான் செய்கிற வேலை. டெபியன் என்று ஒரு பொதுக் களஞ்சியம். சம்பளம் கிடையாது."

சம்பளமும் கிடையாது, சாவியும் கிடையாது. அதற்காக ஒரு பெண் முகம் வாடுகிறாள்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிய பிறகு, சிரிப்புப் போய்விட்டது. நம் எல்லாருக்கும் அந்தச் சாவியோடு சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கடையில் ரசப்பொடி வாங்குகிறீர்கள். பொட்டலத்துக்குள் என்னவெல்லாம் சேர்ந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். ஆனால் சில புண்ணியவதிகள் இருக்கிறார்கள். பொடியையும் கொடுத்து, "மிளகாய் இவ்வளவு, தனியா இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு" என்று பக்குவத்தையும் எழுதிக் கொடுத்து, "உனக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள், நாலு பேருக்கும் கொடு" என்பார்கள். கம்ப்யூட்டரை நடத்தும் மென்பொருளிலும் இந்த இரண்டு தினுசும் உண்டு. பக்குவத்தோடு கொடுப்பதற்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர்.

உங்கள் கையிலிருக்கும் செல்போனில் செய்தி அனுப்புகிறீர்கள், படம் பார்க்கிறீர்கள். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல்தான் ஓடுகின்றன. லினக்ஸ் ஒன்று மட்டும் போதாது. அரிசி இருந்தால் மட்டும் சாப்பாடு ஆகிவிடுமா? பருப்பு, புளி, உப்பு, பெருங்காயம் எல்லாம் வேண்டும். அப்படி வேண்டிய ஆயிரக்கணக்கான சாமான்களைச் சேர்த்து, சுத்தம் பார்த்து, பொட்டலம் கட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் களஞ்சியம்தான் டெபியன்.

1993-ஆம் வருஷம் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக் கழகத்தில் மாணவராக இருந்த இயான் மர்டாக் என்பவர் அதை ஆரம்பித்தார். அப்போது அவருடைய காதலியாக இருந்து, பிறகு மனைவியானவரின் பெயர் டெப்ரா. டெப்ராவில் பாதியையும் தம் பெயரையும் சேர்த்து 'டெப்-இயான்' என்று வைத்துவிட்டார். இயான் மர்டாக் 2015-இல் காலமாகிவிட்டார். களஞ்சியம் மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. இன்றைக்கு அதில் 60,000-க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் இருக்கின்றன. முதலாளி என்று ஒருவர் கிடையாது. உலகம் பூராவும் சிதறிக் கிடக்கும் ஆயிரம் பேர் சேர்ந்து நடத்துகிறார்கள்.

இந்த மாதிரிப் பொதுக் களஞ்சியம் நடத்துகிறவர்களுக்கு இரண்டு கவலைகள். உள்ளே யாரை விடுவது என்பது ஒன்று. உள்ளே வரும் சாமான் சுத்தமா என்பது இன்னொன்று. ஒரு வீடு மாதிரி இல்லாமல் சந்தை மாதிரி நடக்கும் களஞ்சியங்களும் உண்டு. பைதான் என்ற கம்ப்யூட்டர் பாஷைக்காரர்களுக்குப் பைபிஐ என்று ஒன்று இருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் பெயரைப் பதிந்துகொண்டு கோணியை விரித்துக் கடை போடலாம். வாங்குகிறவர்கள்தான் முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். அங்கேகூட, கடை போடுகிறவர் தம்மை இரண்டு விதமாக நிரூபித்துக்கொள்ள வேண்டும் என்று 2024-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து கட்டாயமாக்கிவிட்டார்கள்.

டெபியனோ கோயில் மடப்பள்ளி மாதிரி. மடி ஆசாரம் எல்லாம் உண்டு!

புதிதாக வருகிறவர் முதலில் தாம் யார் என்பதைக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் போடும் ரகசிய முத்திரை ஒன்றை அவர் செய்துகொள்கிறார். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அவரை நேரில் சந்தித்து, பாஸ்போர்ட் போன்ற அத்தாட்சியைப் பார்த்து, "ஆமாம், இந்த முத்திரை இவருடையதுதான்" என்று தங்கள் முத்திரையை அதன் மேல் பதிக்கிறார்கள். ராமனின் கணையாழியைப் பார்த்த பிறகுதானே சீதை அநுமனை நம்பினாள்? அதே சமாசாரம்தான். இதற்காகவே தேசம் விட்டுத் தேசம் போய்ச் சந்தித்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் அவர்களுடைய வருஷாந்தரக் கூட்டம் நம் பக்கத்துக் கொச்சியிலேயே நடந்தது.

முத்திரை ஆன பிறகு, உள்ளே இருப்பவர் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். பிறகு கேள்விகள். 1997-இல் அவர்கள் எழுதி வைத்துக்கொண்ட சமூக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. உபயோகிக்கிறவர்களின் நலனே முக்கியம், குறைகளை மூடி மறைக்க மாட்டோம் என்பதெல்லாம் அதில் அடக்கம். அதற்குச் சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

உக்கிராண அறைச் சாவி மாதிரி சின்னச் சாவியும் உண்டு. 2007-லிருந்து, ஒருவருக்குக் குறிப்பிட்ட சில பொட்டலங்களை மட்டும் மாற்றும் உரிமை கொடுக்கிறார்கள். மற்றவற்றைத் தொட முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது 2010-இல் அவர்கள் ஓட்டெடுத்துச் செய்த தீர்மானம். பொட்டலமே கட்டாதவர்கள், அதாவது மொழிபெயர்க்கிறவர்கள், விளக்கம் எழுதுகிறவர்கள் எல்லாரையும் முழு அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அது. அடுப்படியில் நிற்கிறவர்கள் மட்டும்தான் கல்யாணத்தை நடத்துகிறார்களா? கோலம் போடுகிறவர், சந்தனம் கரைக்கிறவர் எல்லாரும்தானே?

ஆட்களின் கதை இது. சாமான்களின் கதையைக் கேளுங்கள். புதுப் பொட்டலம் எது வந்தாலும் முதலில் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அதற்கென்று இருக்கும் சிலர் பிரித்துப் பார்த்து, இதைப் பிறருக்குக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா என்று ஆராய்ந்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். பிறகு மூன்று அறைகளைத் தாண்ட வேண்டும். முதல் அறைக்கு 'நிலையற்றது' என்று பெயர். செல்லப் பெயர் சிட். 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பொல்லாத பையனின் பெயர் அது! அந்த அறையில் சில நாட்கள் பழுது இல்லாமல் இருந்தால் 'சோதனை' அறைக்குப் போகலாம். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, புதுச் சாமான் வரத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் சலித்துப் புடைத்து, 'நிலையானது' என்று வெளியிடுகிறார்கள். பெரிய கம்ப்யூட்டர்களை நடத்துகிறவர்கள் சாதாரணமாக அந்த மூன்றாவது அறையிலிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள்.

"முறம், சல்லடை, மாச்சல்லடை! நன்றாய்த்தானே இருக்கிறது? பின்னே ஏன் மூக்கால் அழுகிறாய்?" என்று என் பேத்தியைக் கேட்டேன்.

"என்னைப் பார்த்தால் திருடி மாதிரியா இருக்கிறது, அத்தைப் பாட்டி? ஏன் இத்தனை சந்தேகம்?"

"சந்தேகம் திருடர்கள் மேல் மட்டும்தானா?" என்றேன். அதற்கு அவளே ஒரு கதை சொல்லும்படி ஆயிற்று.

2006-ஆம் வருஷம் டெபியனில் பொறுப்பிலிருந்த ஒருவர், ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற பொட்டலத்தைச் சுத்தம் செய்தார். கம்ப்யூட்டர்களுக்கான ரகசியச் சாவிகளை வார்க்கும் பட்டறை அது. ஒரு சோதனைக் கருவி ஏதோ முணுமுணுத்தது என்று, அநாவசியமாகத் தோன்றிய வரிகளை எடுத்துவிட்டார். எடுக்கலாமா என்று மூலத்தை எழுதும் குழுவினரிடம் கேட்டும் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாவியும் வெவ்வேறாக அமையக் காரணமாக இருந்தவையே அந்த வரிகள்தாம். விளைவு, எண்ணிலடங்காத விதங்களில் வார்க்கப்பட வேண்டிய சாவிகள், ஒவ்வொரு தினுசிலும் சுமார் 32,000 விதங்களுக்குள் அடங்கிவிட்டன. மனிதனுக்கு அது பெரிய எண். கம்ப்யூட்டருக்கு அவ்வளவையும் போட்டுப் பார்க்க வெகு நேரம் ஆகாது. 2008 மே மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். உலகம் பூராவும் பூட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த மனிதர் நல்லவர். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். கல் என்று நினைத்துக் கல்கண்டைப் பொறுக்கி எறிந்த கதைதான். இன்னொரு ஜோடிக் கண் எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

"சரி, நல்லவர் தவறினால் இன்னொரு கண் வேண்டும். கெட்டவர் வந்தால்?" என்றேன். பேத்தியின் முகம் மாறிற்று. "அதுவும் நடந்தது. 2024-இல்" என்றாள்.

அந்தக் காலத்து ரயில் பிரயாணத்தில் மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் ஹோல்டாலில் திணித்து, பெல்ட்டை இறுக்கிச் சின்னதாக்குவோமே, ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டர் தகவல்களை அப்படிச் சுருக்கிக் கட்டும் மென்பொருள் எக்ஸ்இசட் என்பது. பின்லாந்துக்காரர் ஒருவர் அதைப் பல வருஷங்களாகத் தன்னந்தனியே, ஒரு காசு வாங்காமல் பராமரித்து வந்தார். உலகத்தின் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அவர் கட்டிய ஹோல்டாலை உபயோகித்தன. அவர் பெயர் பெரும்பாலோருக்குத் தெரியாது. வீட்டில் சாம்பார் ருசியாக இருக்கும் வரையில் யார் செய்தது என்று யார் கேட்கிறார்கள்?

2021-ஆம் வருஷக் கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். சின்னச் சின்ன வேலைகள், பணிவான கடிதங்கள். 2022-இல் வேறு சில பெயர்களில் புகார்கள் வர ஆரம்பித்தன. "ஏன் இவ்வளவு தாமதம்? உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்களேன்!" பின்லாந்துக்காரர் பதில் எழுதினார். நீண்ட நாளாக மனசு சரியில்லாமல் இருப்பதையும், இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்பதையும் சொன்னார். புகார் நிற்கவில்லை. பக்கத்திலோ, கேட்காமலே பாத்திரம் தேய்த்துக் கொடுக்கும் உபகாரி! கொஞ்சம் கொஞ்சமாகச் சாவிகள் கை மாறின.

வாசலில் சந்நியாசி வேஷத்தில் வந்தவன் யார் என்று நமக்குத் தெரியும். அந்த வேஷத்தை இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் கலைக்காமல் இருக்கும் பொறுமை ராவணனுக்குக்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

2024 பிப்ரவரி 24-ஆம் தேதி ஜியா டான் புதுப் பதிப்பை வெளியிட்டார். எண் 5.6.0. அதற்குள் ஒரு கள்ளச் சாவி ஒளிந்திருந்தது. ஊர் பார்க்க வைத்திருந்த பக்குவம் ஒன்று. கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் அதற்கு மேல் ஒரு சிட்டிகை அதிகம். தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய எஸ்எஸ்எச் என்று ஒரு வாசல் உண்டு. டெபியன் போன்ற சில களஞ்சியங்களில், அந்த வாசல்காரனுக்கும் இந்த ஹோல்டாலுக்கும் ஒன்றுவிட்ட உறவு. அந்த உறவைப் பிடித்துக்கொண்டு வாசலைத் திறந்துவிடுவதுதான் ஏற்பாடு. "புதுப் பதிப்பைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று டெபியனுக்கே எழுதிய பெயர் ஒன்றும் உண்டு. சிட் அறைக்குள் அது நுழைந்தது. சோதனை அறைக்குள்ளும் நுழைந்தது.

அப்போது ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற எஞ்சினீயர் வேறு ஏதோ வேலையாக இருந்தார். போஸ்ட்கிரஸ் என்ற தகவல் களஞ்சிய மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது டெபியனின் முதல் அறைச் சரக்கு. அந்த எஸ்எஸ்எச் வாசலில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே என்று அவருக்கு உறுத்திற்று.

அரை வினாடி! நீங்களும் நானும் கண் சிமிட்டிவிட்டுப் போயிருப்போம். ஆனால், பால் பொங்கும் வாசனை கொஞ்சம் மாறினாலே எழுந்து போய்ப் பார்க்கிறவள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இருப்பாளே, அந்த ஜாதி அவர். சில வாரங்களுக்கு முன் சோதனைக் கருவி ஒன்று முணுமுணுத்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. 2006-இல் அப்படிப்பட்ட முணுமுணுப்பை அடக்கப் போய் வினை வந்தது. 2024-இல் அதைக் காது கொடுத்துக் கேட்டதால் வினை தீர்ந்தது. நூலைப் பிடித்துக்கொண்டே போய் முடிச்சைக் கண்டுபிடித்து, மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார்.

டெபியனின் மூன்றாவது அறைக்கு விஷம் போயிருக்கவில்லை. போவதற்கு முன் பிடித்தாயிற்று. என் பேத்தி அலுத்துக்கொண்ட அந்தச் சல்லடைகளும் நாள் கணக்குகளும் எதற்கு என்றால், அந்த ஒரு மனிதருக்கு அந்த ஒரு மாதத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதற்குத்தான்.

டெபியன்காரர்கள் உடனே பழைய, நல்ல பதிப்பைத் திரும்ப வைத்தார்கள். பதிப்பு எண் பின்னால் போகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆகையால் மேலே 5.6.1 என்று எழுதி, பக்கத்திலேயே 'ரியலி 5.4.5' என்று சீட்டு ஒட்டினார்கள். காபி டப்பாவில் 'உண்மையில் உளுத்தம்பருப்பு' என்று எழுதி வைப்போமே, அந்த மாதிரி!

ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளிப்படவில்லை. பின்லாந்துக்காரர் மறுபடியும் பொறுப்பேற்று, எல்லாவற்றையும் துடைத்து, 2024 மே மாதத்தில் நல்ல பதிப்பை வெளியிட்டார்.

இதைக் கேட்டவுடன், "கதவை இன்னும் இறுக்கிச் சாத்த வேண்டியதுதான்" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். டெபியனின் வாசலில் எத்தனை காவல் இருந்தும், திருட்டு நடந்தது வாசலில் அல்ல. பொருள் விளைகிற இடத்தில், ஒற்றை ஆளாக, களைத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் நடந்தது. அவருக்கு வந்த கடிதங்களில் "ஏன் இன்னும் ஆகவில்லை?" என்பதுதான் மிகுதி. "நான் ஒரு கை கொடுக்கட்டுமா?" என்று வந்து நின்றதோ திருடன்! நல்லவர்கள் நாலு பேர் முன்னாலேயே வந்து நின்றிருந்தால், அவனுக்கு அந்தத் திண்ணையில் இடம் ஏது?

டெபியனில் ஒரு ஜாபிதா உண்டு என்று பேத்தி காட்டினாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத பொட்டலத்துக்கு அதில் 'அநாதை' என்று பெயர். 'தத்து எடுத்துக்கொள்ள ஆள் தேவை' என்று ஒரு பிரிவு. 'உதவி தேவை' என்று இன்னொன்று. ஒரு பொட்டலத்தைப் பார்த்துக்கொள்கிறவர், தமக்கு முடியவில்லை என்று வெட்கப்படாமல் எழுதி வைக்க ஓர் இடம். அத்தனை சட்டதிட்டங்களிலும் உயர்ந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. புதிதாக வருகிறவரை நிதானமாகப் பரீட்சை செய்ய வேண்டும். பழைய ஆள் களைத்துப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால், சாவி எப்படியும் தப்பான கைக்குத்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது பேத்தி சொன்னாள்: "சாவி வருகிறபோது வரட்டும், அத்தைப் பாட்டி. அந்த உதவி தேவை ஜாபிதாவில் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன், இந்த வாரம் நான் என்ன செய்யட்டும் என்று. என் ஒவ்வொரு வரியையும் அவர் பிரித்துப் பார்க்கத்தான் செய்வார். பார்க்கட்டும்!"

அவள் போன பிறகு வெகு நேரம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். என் மாமியார் தினம் 20 பேருக்குச் சமைத்துப் போட்டவர். 11 வருஷம் சாவி கொடுக்கவில்லை என்று எனக்கு உள்ளூரக் கோபம். ஆனால், "அம்மா, இன்றைக்கு உங்களுக்கு முடிகிறதா?" என்று அந்த 11 வருஷத்தில் ஒரு நாளாவது நான் கேட்டேனா? அந்தத் தை வெள்ளிக்கிழமை நான் சாவியைக் குலுக்கிக்கொண்டு நடந்த சப்தம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. அவர் கை நடுங்க ஆரம்பித்து ஒரு வருஷமாகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

உங்கள் வீட்டில் கொத்துச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். சாவியைக் கேட்க வேண்டாம். முடிகிறதா என்று கேளுங்கள்.